லென்ஸ் வேண்டாம் மக்களே, கேமராவே வாங்கு

மக்களே,

இங்கே அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம். ஐப்பசி மழை எங்களைவிட நன்றாக இருக்கிறது. கரமனை ஆறு கலங்கி ஓடுகிறது, வீட்டில் ஒரு துணியும் ஒழுங்காகக் காயவில்லை, அப்பா ஈர வேட்டி நாற்றத்துக்கு என்னைத்தான் திட்டுகிறார். வருகிற சனிக்கிழமை எர்ணாகுளம் போய் லென்ஸ் வாங்கப் போவதாகச் சொன்னாய் அல்லவா, அதற்கு முன் உன் கையில் கிடைக்க வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தைத் திருச்சூருக்குக் கூரியரில் அனுப்புகிறேன். போனில் சொன்னால் ஆகாதா என்று அப்பா கேட்டார். போனில் சொன்னால் நீ “ஓகேம்மா” என்று வைத்துவிடுவாய். நானும் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிடுவேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லென்ஸ் வாங்காதே. கேமராவை மாற்று. இரண்டு வாரத்துக்கு முன் நீ கேட்டபோது நான் இதற்கு நேர் எதிராகச் சொன்னேன், நீயும் நம்பிவிட்டாய். அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னேன், இன்றைக்கு ஏன் மாற்றிச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. ஒரு பறவைக்காகப் பாறை மேல் மணிக்கணக்கில் அசையாமல் உட்காருகிறவள் நீ. அம்மாவுக்காகவும் சற்று உட்கார்.

கேமரா முதலில் உன்னுடையதாகத்தான் இருந்தது. நீ விலங்கியல் படிக்கச் சேர்ந்த வருஷம் அப்பா வாங்கித் தந்தார். சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் விற்கிற மனிதருக்கு எந்தப் பொருளையும் கையில் தூக்கிப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். கேமராவைத் தூக்கிப் பார்த்து, “கனம் கொள்ளாம்” என்று, கனம் நன்றாயிருப்பதாக, சான்றிதழ் கொடுத்தார். நான் உன்னோடு வர ஆரம்பித்தது வெறும் காவலுக்கு. பெண்பிள்ளை தனியாகக் காட்டோரம் போகிறாளே என்ற பயம். ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்முடி பஸ்ஸில் ஏறிக் கல்லாறில் இறங்குவோம். நீ ஆற்றோரம் போவாய். நான் அலுவலகத்து நினைப்பிலேயே சாப்பாட்டுப் பையை அணைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் ஈர மணலில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக இறங்கி உப்பு உறிஞ்சிக்கொண்டிருந்தன. நீ ஓடி வந்து, “ஒரு தடவை பாரும்மா, ஒரே ஒரு தடவை” என்று கேமராவை என் கண்ணருகே வைத்துவிட்டாய். ஒரு பூச்சியின் கால் மணலில் ஊன்றியிருப்பது வரை தெரிந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

பிறகு எனக்கென்று ஒரு கேமரா வாங்கியபோது, வேண்டுமென்றே உன் கேமராவின் கம்பெனியிலேயே, பழையது ஒன்றாகப் பார்த்து வாங்கினேன். லென்ஸ் கேமராவில் பூட்டுகிற வாய் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றின் லென்ஸ் இன்னொன்றில் மாட்டாது. நம் இருவருக்கும் ஒரே வாய் என்றால் லென்ஸ்களைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாமே என்று கணக்குப் போட்டேன். அப்பா இதைத் தன் வழியில் புரிந்துகொண்டார். “அம்மைக்கும் மகளுக்கும் ஒரே சைஸ் நட்டும் போல்ட்டும்” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அப்படித்தான் நம் வீட்டில் கேமரா இரண்டும், லென்ஸ் பொதுச்சொத்துமாக ஆயிற்று. தூரத்துப் பறவையை எடுக்க நம்மிடம் இருந்த நீள லென்ஸ் ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றுக்காக நீ ஒரு விதி போட்டாய், நினைவிருக்கிறதா? யார் பறவையை முதலில் பார்க்கிறாரோ அவருக்கு லென்ஸ் கிடையாது, மற்றவருக்குத்தான். முதலில் பார்த்தவருக்குப் பார்த்த சந்தோஷம் கிடைத்துவிட்டதே, பிறகு எதற்குப் படமும் என்றாய். எனக்கு அந்த நியாயம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனால் அதைக் கடைப்பிடித்த லட்சணம் இருக்கிறதே! போனக்காட்டுக்குப் போகிற வழியில், தேயிலைச் சரிவுக்கு மேலே ஒரு பெரிய மரத்தில் அந்த இருவாச்சி வந்து உட்கார்ந்தது. நாம் இருவரும் பார்த்த முதல் இருவாச்சி. உனக்கு லென்ஸ் கிடைக்கட்டும் என்று நான் “அதோ!” என்று கத்தினேன். எனக்குக் கிடைக்கட்டும் என்று அதே நேரத்தில் நீயும் “அதோ!” என்று கத்தினாய். நான்தான் முதலில், இல்லை நான்தான் முதலில் என்று நாம் லென்ஸை ஒருவர் கையில் ஒருவர் திணித்துக்கொண்டிருந்தபோது அது றெக்கையை விரித்து ஒரு பஸ் போகிற இரைச்சலோடு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அப்பா சாலையோரம் குடையோடு நின்று தலையில் அடித்துக்கொண்டார். “சவத்தெ, ரெண்டு பேரும் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து அந்தப் பறவையையும் விட்டுட்டியளே” என்றார். விதுரா வரும்வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தோம்.

நீ வேலை கிடைத்துத் திருச்சூர் போன பிறகு லென்ஸ்தான் நம் வீட்டுத் தபால்காரன் ஆயிற்று. வாழச்சால் காட்டில் இருவாச்சிக் கூடுகளைக் கவனிக்கிற உன் வேலைக்கு ஒரு மாதம் நீள லென்ஸ் வேண்டும், அடுத்த மாதம் எனக்கு வேண்டும். ஒன்றைக் கொண்டு வருவாய், இன்னொன்றை எடுத்துப்போவாய். சின்ன வயதிலிருந்தே உன்னிடம் நான் சொல்லிச் சொல்லி வளர்த்தது ஒன்று உண்டு: எந்த வீட்டுக்குப் போனாலும் கையை வீசிக்கொண்டு போகாதே, ஒரு சீப்பு பழமாவது கையில் இருக்கட்டும் என்று. அதை நீ நம் வீட்டுக்கே கடைப்பிடித்தாய். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “இந்தாம்மா, உன் லென்ஸ்” என்று நீட்டுவாய். நான் அதை வாங்கி முறுக்கு டப்பாவுக்குள், ஈரம் உறிஞ்சுகிற பொட்டலங்களுக்கு நடுவில் வைப்பேன். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. நம் ஊர் ஈரத்தில் லென்ஸைச் சும்மா வைத்தால் கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்துவிடும். அப்பா எத்தனை தடவை முறுக்கு என்று நினைத்து டப்பாவைத் திறந்து ஏமாந்திருக்கிறார்!

வெயில் காட்டினால் பூஞ்சை பிடிக்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, போன கோடையில் மொட்டைமாடியில் மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் அப்பாவின் வேட்டியை மடித்துப்போட்டு அதன் மேல் லென்ஸை மூடி கழற்றி வைத்தேன். காக்கை விரட்டப் போன அப்பா மேலேயிருந்து போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. “ஏட்டி, ஓடி வா! உன் லென்ஸு என் வேட்டியைச் சமைக்குது!” போய்ப் பார்த்தால் லென்ஸ் வெயிலை வாங்கி வேட்டியில் கருப்பாக ஒரு ஓட்டை போட்டுப் புகைந்துகொண்டிருக்கிறது. உனக்குப் போன் போட்டுச் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பில் எனக்குப் பயமே வந்தது, மூச்சு முட்டிவிடுமோ என்று. அந்த வேட்டியை அப்பா இன்னும் தூக்கிப்போடவில்லை. வருகிறவர்களுக்கு ஓட்டை வழியாக விரலை விட்டுக் காட்டுகிறார்.

இந்த வருஷம் மழை தொடங்கின சமயம் நீ முதன்முதலில் அருணாச்சலப் பிரதேசம் என்று பேச்செடுத்தாய். அங்கே இரண்டு கூடுகட்டும் பருவம் இருந்து, கூட்டுக்குள் அடைந்திருக்கும் இருவாச்சிகளைப் படமெடுக்கிற வேலை. கூடவே, உள்ளே கண்ணாடியே இல்லாத ‘மிரர்லெஸ்’ என்கிற புதுவகைக் கேமராவுக்கு மாறலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னாய். நான் மறுநாளே கிழக்கேகோட்டைப் பக்கம் நமக்குத் தெரிந்த கேமராக் கடைக்குப் போனேன். என்னுடைய லென்ஸ் அந்தப் புதுக் கேமராவில் மாட்டுமா என்று கேட்டேன். நடுவில் ஒரு வளையம் போட்டால் மாட்டும், படமும் நன்றாக வரும் என்றார் கடைக்காரர். எனக்கு நிம்மதியாயிற்று. “அப்போ அவ வாங்கற புது லென்ஸ் என்னோட கேமராவுல மாட்டுமா?” என்றேன். அவர் சிரித்துவிட்டார். “அது பற்றில்ல சேச்சி. அங்ஙோட்டு போகும், இங்ஙோட்டு வரில்ல.” அங்கே போகும், இங்கே வராது என்று அவர் கேமராவைப் பற்றித்தான் சொன்னார். எனக்குத்தான் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது கண் நிறைந்துவிட்டது. ஒரு வளையத்துக்காக அழுகிற பொம்பிளையை அந்த ஊர் அன்றைக்குத்தான் பார்த்திருக்கும். என் பஸ் வந்து போனதையும் நான் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உன் போன் வந்தது. கையில் இருக்கிற காசுக்கு இரண்டில் ஒன்றுதான் முடியும், கேமராவா லென்ஸா, நீயே சொல்லம்மா என்றாய். நீ என்ன சொன்னாய் என்பது எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. “பெரிய லென்ஸ் வாங்கினா வெளிச்சம் கூடுதலா கிடைக்கும். ஆனா இந்தக் கேமராவோட சத்தம்தாம்மா பிரச்சினை. பொந்துக்குள்ள பெண்பறவை தன்னை அடைச்சுக்கிட்டு இருக்கும், சின்ன ஒரு பிளவுதான். ஆண் வந்து ஊட்டினாத்தான் அதுக்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. நான் டக்குனு அமுக்கினா அது பழத்தோட திரும்பிப் போயிருது. புதுசு சத்தமே போடாதாம்.” இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறாய். நான் என்ன பதில் சொன்னேன்? “கேமரா இன்னைக்கு ஒண்ணு வரும், நாளைக்கு அது பழசாகும். நல்ல லென்ஸு ஆயுசுக்கும் நிக்கும் மக்களே. லென்ஸே வாங்கு” என்றேன். நீயும் “நீ சொன்னா சரிதாம்மா. ரேஞ்ச் இல்ல, பின்னெ விளிக்காம்” என்று, அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாய். அவசரம் வந்தால் உனக்கு மலையாளம் வந்துவிடும், மனசு சரியில்லாவிட்டாலும் வந்துவிடும். அன்றைக்கு எது என்று நான் கேட்கவில்லை.

நான் சொன்னது பொய்யில்லை. படமெடுக்கிற எல்லாரும் சொல்கிற நல்ல புத்திதான் அது. வேறு யாராவது கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் உனக்கு நான் அதைச் சொன்ன காரணம் வேறு. பழைய வாய்க்கு லென்ஸ் வாங்கினால் அது என் கேமராவிலும் மாட்டும். மாட்டுமென்றால் அதைக் கொடுக்கவும் வாங்கவும் நீ வருவாய். அருணாச்சலத்திலிருந்து மாதாமாதம் யாரும் வர முடியாது என்று எனக்குத் தெரியும்தான். தெரிந்தும் மனசு அந்த வாயையே பிடித்துக்கொண்டு தொங்கியது. நீ அவ்வளவு தூரம் போவது எனக்குப் பிடிக்கவில்லை, மக்களே. இதை ஒரே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், இனிமேல் சொல்ல மாட்டேன். பிடிக்கவில்லை என்பதை நேராகச் சொல்லத் தைரியமில்லாமல் லென்ஸ் பேரில் சொல்லிவிட்டேன். இனி யாரிடம் புத்தி கேட்டாலும் அவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள். அம்மாவானாலும் பார்.

என்னைத் திருத்தியது ஒரு தேன்சிட்டு. நம் பின்பக்க வராந்தாவில் கேபிள் ஒயர் தொங்குகிறதே, அதில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கிறது. பார்த்தால் ஏதோ குப்பை சிக்கியிருக்கிற மாதிரி இருக்கும். அப்பா அந்தப் பக்கம் துணி காயப்போடக் கூடாது என்று தடை போட்டுவிட்டார், துணி காயாததற்கு அதுவும் ஒரு காரணம். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை விட்டு நல்ல வெளிச்சம். இந்த மாதம் நீள லென்ஸ் என் முறைதானே, அடுக்களை ஜன்னல் கம்பிக்குள் அதை வைத்துக் காத்திருந்தேன். தாய் வாயில் ஒரு சிலந்தியோடு வந்தது. கூட்டுக்குள்ளிருந்து குட்டி அலகுகள் திறந்தன. அமுக்கினேன். டக். அது விருட்டென்று கறிவேப்பிலை மரத்துக்குப் போய்விட்டது. கொஞ்சம் கழித்துத் திரும்பி வந்தது, நான் திரும்ப அமுக்கினேன், அது திரும்பவும் போயிற்று. மரத்தில் உட்கார்ந்து, சிலந்தி வாயிலேயே இருக்க, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே குஞ்சுகள் கத்துகின்றன. நான் இன்னும் ஒரு படம், இன்னும் ஒரே ஒரு படம் என்று கண்ணை எடுக்காமல் இருந்தேன். பின்னால் காப்பி குடித்துக்கொண்டிருந்த அப்பா சொன்னார்: “ஏட்டி, நீ படம் எடுத்துத் தீத்த பொறவுதான் அதுக்க பிள்ளையளுக்குச் சாப்பாடா?”

கேமராவை மேடையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அது உடனே வந்துவிட்டது. குஞ்சின் வாய்க்குள் அலகு முழுக்கப் போய் வந்ததை வெறும் கண்ணால் பார்த்தேன். அப்போதுதான் நீ போனில் சொன்னது எனக்கு உண்மையிலேயே கேட்டது. இங்கே என்றால் அம்மா பறக்கிறது, இன்னொரு சிலந்தி கிடைக்கும். அங்கே அந்தப் பெண்பறவை பொந்துக்குள் அடைந்து கிடக்கிறது, இறகையும் உதிர்த்துவிட்டு. பழம் வந்தால்தான் உண்டு. அதற்கு வரவேண்டிய பழத்தை என் மகளின் கேமரா திருப்பி அனுப்பினால், அப்படித் திருப்பி அனுப்பச் சொன்னவள் நான்தான். காப்பி ஆறிப்போகிற வரை அந்த ஜன்னலை விட்டு நான் நகரவில்லை. “என்னட்டி ஆச்சு?” என்று அப்பா கேட்டார். “பிள்ளைக்குத் தப்பாச் சொல்லிட்டேங்க” என்றேன். “பின்னே என்ன, மாத்திச் சொல்லு” என்றார் மனிதர், தோசை கருகுவதைப் பார்த்துச் சொல்கிற மாதிரி.

அதனால் மாற்றிச் சொல்கிறேன். சனிக்கிழமை கடைக்குப் போய், சத்தம் போடாத கேமராவை வாங்கு. கூடவே அந்த வளையத்தையும் வாங்கிக்கொள். லென்ஸுக்கு நீ கவலைப்பட வேண்டாம். நம் நீள லென்ஸை நான் துடைத்து முறுக்கு டப்பாவில் வைத்துவிட்டேன். பயணம் சொல்ல அடுத்த வாரம் நீ வருவாய் அல்லவா, அப்போது டப்பாவோடு எடுத்துக்கொண்டு போ. உன் முறை, என் முறை என்று இனி ஒன்றுமில்லை, அது திரும்பி வர வேண்டாம். எனக்கு வேண்டாமா என்று கேட்பாய். வண்ணத்துப்பூச்சிக்கு வாங்கின சின்ன லென்ஸ் இருக்கிறது, அது போதும். நீள லென்ஸைத் தூக்கினால் எனக்கு இப்போதெல்லாம் தோள் வலிக்கிறது. உன்னிடம் சொன்னதில்லை. ஒரு வருஷமாக அதைச் சுமக்கிறவர் உன் அப்பாதான், கனம் கொள்ளாம் என்று சொன்ன வாய்க்கு அது வேண்டியதுதான். மேலும் நம் விதி உனக்குத் தெரியும். உனக்கு வேண்டியது எது என்பதை இந்த முறை கொஞ்சம் தாமதமாக என்றாலும் நான் பார்த்துவிட்டேன். பார்த்தவளுக்கு லென்ஸ் கிடையாது. வாசலில் நின்று “நீயே வச்சுக்கோம்மா” என்று திணிக்காதே, போனக்காட்டில் நடந்தது போதும்.

என்னை நினைத்து அங்கே போய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்காதே. பொந்துக்குள் அடைந்து கிடப்பது அந்தப் பறவைதான், நான் இல்லை. எனக்குச் சாலைக் கடைத்தெரு இருக்கிறது, பொன்முடி பஸ் இருக்கிறது, காலையிலும் சாயங்காலமும் சண்டை போட உன் அப்பா இருக்கிறார். குளிருக்கு வேண்டியதை வாங்கிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, காட்டுக்குள் தனியாகப் போகாதே. எடுத்த படங்களை அனுப்பு. ஆண்பறவை பழத்தை ஊட்டுகிற படம் ஒன்று கிடைத்தால் மட்டும் எந்த நேரமானாலும் எங்களை எழுப்பு. அப்பாவுக்குப் பெரிதாக்கிக் காட்டுகிறேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. இத்தனை வருஷம் நீ வந்ததெல்லாம் லென்ஸுக்காகத்தான் என்று நீயும் சொன்னாய், நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். இனி உன்னிடமிருந்து எனக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்றும் வராது. கொண்டுவர ஒன்றுமில்லையே என்று வராமல் இருந்துவிடாதே. அங்கே பருவம் முடிந்து, அடைப்பை உடைத்துக்கொண்டு அந்த அம்மையும் குஞ்சுகளும் வெளியே வந்த பிறகு, ரயிலேறி நேரே வீட்டுக்கு வா. பழம் வேண்டாம், பலகாரம் வேண்டாம், எந்தச் சாக்கும் வேண்டாம். வெறுங்கையோடு எங்கும் போகாதே என்று சொல்லி வளர்த்த நானே சொல்கிறேன். கையை வீசிக்கொண்டு வா, மக்களே.

உன் அம்மா